தணக்கங்காயும் ராத்திரி விமானமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இறங்குவதில்லை. கோரிமேடு தாண்டியதுமே அவர்கள் மனசு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஆரம்பித்துவிடும். நீங்களும் ஒரு முறை அந்த ஊர் வழியாகப் போயிருப்பீர்கள். போனது தெரியாமலே போயிருப்பீர்கள்! நானோ அங்கே ஒரு சாயங்காலம் முழுவதும் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். காரணம், ஒரு காய்.

அந்தப் பக்கத்து மலையடிவாரக் காடுகளில் தணக்கு என்று ஒரு மரம் உண்டு. அதன் காய்க்குத் தலையில் இரண்டு நீண்ட இறக்கைகள். மரத்திலிருந்து விழும்போது பம்பரமாய்ச் சுழன்று, அவசரப்படாமல் தரைக்கு வரும். தாவர சாஸ்திரத்தில் அதற்கு ‘கைரோகார்ப்பஸ்’, அதாவது சுழலும் கனி என்று பெயர்.

திண்ணைப் பாட்டியின் கொள்ளுப்பேரன் அந்தக் காயை மேலே வீசி, “ஹெலிகாப்டர்!” என்று குதித்தான்.

“இல்லை தம்பி, இது கைரோபிளேன்” என்றேன். வந்தது வினை! விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஹெலிகாப்டரில் மேல்விசிறியை எஞ்சின் சுற்றுகிறது. கைரோபிளேனில் எஞ்சின் முன்னே செலுத்துவதோடு சரி. பறக்கும்போது மேல்விசிறியைச் சுற்றுவது காற்றுதான். எஞ்சின் நின்றாலும் விசிறி நிற்காது. தணக்கங்காய் மாதிரி சுழன்றபடி இறங்கலாம். ஸ்பெயின் தேசத்து ஹுவான் டி லா சியர்வா, தாம் அமைத்த விமானம் ஒன்று 1919-ல் வேகம் குறைந்து விழுந்ததைக் கண்டு இந்த யோசனையில் இறங்கினார். 1923-ல் பறக்கவும் வைத்தார். அவரே 1936-ல் லண்டனை அடுத்த குரோய்டனில், சாதாரண விமானத்தில் பிரயாணியாகப் போய் விபத்தில் மாண்டார். விதி என்பது இதுதான் போலும்!

பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: “ஏங் கண்ணு, எம் பேத்தி டில்லியில வேலை பாக்குறா. லீவு இல்லேன்னு ரெண்டு தீவாளிக்கு வரலே. ராத்திரி அதுல ஏறினா விடியக்காலம் இங்க வந்துட முடியுமா?”

கணக்குப் போட்டேன். நேர்கோட்டில் சுமார் 1,900 கிலோமீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகமானால் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். நடுவே பெட்ரோலுக்கு வேறு இறங்க வேண்டும். அதெல்லாம் போகட்டும்; சிறிய கைரோபிளேன்கள் பெரும்பாலும் பகலில்தான் பறக்கும். எஞ்சின் நின்றால் மெதுவாக இறங்கலாம், சரி. கீழே இருப்பது வயலா, கிணறா என்று இருட்டில் யார் சொல்வது? 2019-ல் ஜேம்ஸ் கெட்செல் என்ற ஆங்கிலேயர் கைரோபிளேனில் உலகைச் சுற்றி வந்தார். ஏறக்குறைய ஆறு மாதம் ஆயிற்று!

பாட்டியின் முகம் வாடிவிட்டது. “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். 1962-ல டில்லி ஆபீசுல இருந்தாரு. கடுதாசிதான் வரும், ஆளு வரமாட்டாரு” என்றாள்.

“பாட்டி, அந்தக் கடுதாசி ராத்திரியில் பறந்து வந்திருக்கும், தெரியுமா?” என்றேன்.

ஆமாம், வாசகர்களே! 1949 ஜனவரியில் இரவுத் தபால் விமானங்கள் தொடங்கின. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கு ஊர்களிலிருந்தும் கிளம்பி, நள்ளிரவில் நாகபுரியில் சந்திக்கும். ஊரே தூங்கும் வேளையில் தபால் பைகள் கை மாறும். பிரயாணிகளும் விமானம் மாறி ஏறுவார்கள். விடியலில் அவரவர் ஊர். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் உள்நாட்டுக் கடிதங்களுக்கு விமானத்துக்கென்று தனிக் கட்டணமும் இல்லை. 1970-களில் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று.

“அப்ப அதெல்லாம் பறந்தா வந்துது?” பாட்டி உள்ளே போய், மஞ்சளேறிய உறை ஒன்றை எடுத்து வந்து மடியில் வைத்துத் தடவினாள். அறுபது வருஷத்துக் கோபம் கொஞ்சம் தணிந்தாற்போல் இருந்தது.

பேத்திக்கும் வழி சொன்னேன். அரை நாள் லீவு போதும். மத்தியானம் விமானம் ஏறினால் சாயங்காலம் சென்னை, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ், விடிவதற்குள் சேலம்.

இதற்குள் இருட்டிவிட்டது. பையன் வீசிய காய் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. பாட்டி எழுந்து திண்ணை விளக்கைப் போட்டாள்.

“விளக்கு இருந்தாத்தானே கண்ணு, வர்றவங்க எறங்க முடியும்?” என்றாள்.