ஏரியூரில் ஓர் எளிய அறை

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் தேக்கடி என்பது சுற்றுலாத்தலம் அன்று. தண்ணீர் வரும் திசை. வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலை ஒட்டி ஓடும் முல்லையாற்றில் கால் நனைக்கும் எவரும், தாம் நனைப்பது பெரியாற்று ஏரியின் நீரில் என்பதை அறிவர். மேற்கே போகவேண்டிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இறங்கி, கூடலூரையும் உத்தமபாளையத்தையும் கடந்து எங்கள் ஊரைத் தொட்டு வைகையில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்கள் அந்த நீரை நம்பியே இருக்கின்றன. ஆயினும், ஏரியை நேரில் கண்டவர் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும். கண்டவர்களிலும் அங்கே ஓர் இரவு தங்கியவர் அரிது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடும் தொலைவுதானே என்பது ஒரு காரணம். அறை வாடகை நமக்குக் கட்டுபடியாகாது என்னும் அச்சம் மற்றொன்று.

இரண்டாவது காரணம் பெரும்பாலும் கேள்வி ஞானத்தால் விளைந்தது. நாங்கள் நால்வர், புத்தகங்களால் நண்பர்களானவர்கள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் குமுளியில் இரண்டு இரவுகள் தங்கிப் படித்தும் பேசியும் திரும்புவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். எங்களில் எவருக்கும் பெரிய வருமானம் கிடையாது. அந்தப் பழக்கத்தில் சேர்ந்த சில்லறை அறிவை இங்கே எழுதி வைப்பது, போக நினைத்துத் தயங்கும் அன்பர்களுக்கு உதவக்கூடும்.

முதலில் ஒரு தெளிவு. தங்குமிடங்கள் நிறைந்த ஊர் குமுளி. ஏரி அங்கிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் உள்ளே, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. காப்பகத்துக்குள்ளேயே உள்ள அரசு விடுதிகள் எங்களைப் போன்றவர்களின் பணப்பைக்கு உகந்தவை அல்ல. எனவே சிக்கனமாகத் தங்குவது என்றால் குமுளி ஊருக்குள்தான். ஊருக்குள் இருந்துகொண்டு ஏரி தெரியும் அறை என்று எவரேனும் கூடுதல் வாடகை கேட்டால், சாளரத்தைத் திறந்து ஏரியைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

போவதற்கு வழி எளிது. வெளியூர் அன்பர்கள் தேனிவரை ரயிலிலேயே வரலாம். அகலப்பாதைப் பணிக்காகப் பல்லாண்டு நின்றிருந்த ரயில் 2022 மே மாதத்தில் மதுரையிலிருந்து தேனிக்கு மீண்டும் ஓடத் தொடங்கி, 2023 ஜூனில் போடிநாயக்கனூரையும் எட்டிவிட்டது. தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளிக்குப் பேருந்துகள் உண்டு. தமிழகப் பேருந்து எல்லைக்கு இப்பால் நின்றுவிடும். இறங்கி, சோதனைச்சாவடியைக் கால்நடையாகக் கடந்தால் கேரளம். இறங்கிய இடத்திலேயே ஆட்டோவில் ஏறிவிடாமல், தேநீர் அருந்திவிட்டு நடந்தே அறை தேடுங்கள். ஓட்டுநர் அழைத்துச்செல்லும் விடுதியில் அவருக்குச் சேரவேண்டிய தொகையும் வாடகையிலேயே அடங்கியிருப்பது வழக்கம்.

எப்போது போவது என்பதில்தான் பாதிச் செலவு அடங்கியிருக்கிறது. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்களின் காலம். அப்போது நெரிசலைக் குறைக்க, மேலேறும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு; பயணம் நீளும், அறை சுருங்கும். சித்திரை முழுநிலவு நாளில் மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டில் ஒரே ஒருநாள் திறக்கப்படுவதால், பளியன்குடி வழியே நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் மக்கள் மலையேறுவார்கள். அதற்கு முந்தைய இரவு அறை தேடுவது வீண். அதே சித்திரையில்தான் எங்கள் ஊரின் எட்டு நாள் திருவிழாவும் வரும். அந்த நாட்களில் வீரபாண்டியில் மட்டுமல்ல, தேனி விடுதிகளிலும் இடம் இராது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை; வாடகை இறங்கும், ஆனால் போர்வை ஈரவாடை வீசும், அட்டை கடிக்கும். எங்கள் அனுபவத்தில் பிப்ரவரியே சிறந்தது. ஏரி நீர் இறங்கிக் கரை விரிந்திருப்பதால் விலங்குகள் நீரருகே வரும். நீருக்குள் நிற்கும் பட்டமரங்களும் நன்றாகத் தெரியும். 1895இல் அணை கட்டி முடிந்து காடு மூழ்கியபோது நின்றபடியே இறந்த மரங்கள் அவை.

2024 பிப்ரவரியில் நாங்கள் போனபோது, நால்வரில் ஒருவரின் தாயாரும் உடன் வந்தார். கூடலூரில் பிறந்தவர். திருமணத்துக்குப் பின்னும் நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்து, முப்பத்தொரு ஆண்டுகள் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைப்பாதையில் குமுளியைக் கடந்து சக்குபள்ளம், வண்டன்மேடு பக்கத்துத் தோட்டங்களில் காய் பறித்து, இருட்டும் வேளையில் அதே ஜீப்பில் திரும்பிய பல்லாயிரம் பெண்களுள் ஒருவர். இப்போது மகனோடு வீரபாண்டியில் இருக்கிறார். குமுளியை அவர் எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்பார் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். அத்தனை முறையும் அவர் அங்கே இறங்கியது தேநீருக்கு மட்டுமே. ஏரியைப் பார்த்ததில்லை. ஓர் இரவும் தங்கியதில்லை. "ரூமு எடுத்துத் தங்குறதெல்லாம் வேலைக்கு வராதவங்களுக்குய்யா" என்று அவர் சொன்னபோது எங்களுக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

முதலில் போன விடுதியில் எங்களில் ஒருவர் தனியே சென்று விசாரித்தார். இரண்டு அறைகள் இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்து அம்மாவுடன் எல்லோரும் உள்ளே நுழைந்தோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவருடைய மஞ்சள் பையையும் வெடித்த பாதங்களையும் பார்த்தார். பேரேட்டைப் புரட்டினார். அறை காலியில்லை என்றார். எங்களில் இளையவர் குரலை உயர்த்த, அம்மாதான் அவருடைய கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். "விடு தம்பி. நம்ம காச இவனுக்கு எதுக்குக் குடுக்கணும்?" என்றார். அவமானத்தைக் கொடுக்கல் வாங்கல் கணக்காக மாற்றிக்கொண்ட அந்த ஒரு சொல், நாங்கள் எழுதக்கூடிய எல்லாக் குறிப்புகளுக்கும் மேலானது. மலிவான அறை தேடுபவன் யாசகன் அல்லன். கொடுக்கும் பணத்துக்கு எவரைத் தேர்வது என்று முடிவு செய்யும் உரிமை அவனுக்கும் உண்டு.

எல்லையை ஒட்டிய ரோசாப்பூக்கண்டம் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. வீட்டுக்கார அம்மையார் தமிழும் மலையாளமும் கலந்து, "முதல்ல ரூமப் பாருங்கம்மா, பிடிச்சா மட்டும் போதும்" என்றார். அம்மா அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். அவர் அறையைச் சோதித்த முறையை நாங்கள் வாசலில் நின்று கவனித்தோம். அதற்கு முன் பலமுறை தங்கியிருந்தும் எங்களுக்குத் தோன்றாத ஒழுங்கு அதில் இருந்தது.

கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுத் திறந்தார். சாளரக் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். ஊர் குரங்குகளுக்கும் சொந்தம் என்பதால் அது அவசியம். தலையணையைத் தூக்கி முகர்ந்தார். போர்வையைச் சாளர வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து சுவரின் அடிப்பகுதியைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். குழாயைத் திறந்து வாளி பாதி நிறையும்வரை நின்றார். கழிப்பறையில் நீர் இழுக்கிறதா என்று பார்த்தார். பிறகு வந்து மூன்றே கேள்விகள் கேட்டார்: வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், கரண்டு போனால் விளக்குண்டா, ராத்திரி வாசல் கதவை யார் பூட்டுவது. இவ்வளவும் பத்து நிமிடம். விலை பேசியது இதற்குப் பிறகுதான். பார்க்குமுன் பேசும் விலை கண்ணை மறைக்கும் என்பது அவர் கருத்து. அறை ஒன்றுக்கு இரவுக்கு 1,100 ரூபாய் என்று முடிந்தது.

விலை பேசும்போது இன்னும் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. நாள் என்பது இருபத்துநான்கு மணிநேரமா, பகல் பன்னிரண்டு மணிவரையா என்று கேளுங்கள். நம் பக்கத்து லாட்ஜுகளின் இருபத்துநான்கு மணிக் கணக்கை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. காலை ஆறு மணிக்குப் போய் இறங்கினால் ஒரு பகலுக்கு இரண்டு நாள் வாடகை ஆகிவிடும். வரி உள்ளடங்கியதா என்றும் கேளுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு வரியில்லை என்ற பழைய சலுகை 2022 ஜூலை 18இல் நீங்கிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையுள்ள நாள் வாடகைக்கு வரி 5 விழுக்காடு. ஆனால் வரிப்பதிவு இல்லாத சிறு இல்லங்கள் அதை வசூலிக்க இயலாது. "வரி தனி" என்று சொல்பவரிடம் பதிவு எண் அச்சிட்ட ரசீது கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள்.

உணவுக்குப் பெரிய செலவில்லை. சிறு கடைகளில் புட்டு, கடலைக்கறி, பரோட்டா, மதியச் சோறு எல்லாம் கிடைக்கும்; நம் ஊர்க்காரர்கள் நடத்தும் உணவகங்களும் உண்டு. பதிமுகம் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீரைக் கேட்காமலே வைப்பார்கள். அதையே புட்டியில் நிரப்பிக்கொண்டால் தண்ணீருக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. காப்பகத்துக்குள் நெகிழிக்கு அனுமதி இல்லை என்பதால் எவர்சில்வர் புட்டியே உத்தமம்.

படகுக்கு முந்தைய நாளே சீட்டு வாங்கிவிடுங்கள்; இணையத்திலும் கிடைக்கும். காலை 7.30 மணிப் படகில்தான் விலங்குகளைக் காணும் வாய்ப்பு மிகுதி. சொந்த வண்டியில் படகுத்துறைவரை போக முடியாது. ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் செல்லவேண்டும். படகில் மிதவை உடுப்பை முறையாகக் கட்டிக்கொள்ளுங்கள். படத்துக்காகக் கழற்றாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஜலகன்யகா என்னும் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். யானை தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவது எத்தனை ஆபத்தானது என்பதை அந்த நாளை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் படகிலும் யானைக்கூட்டம் தெரிந்ததும் பலர் எழுந்தார்கள். அம்மா எழவில்லை. ஏலக்காட்டில் யானைக்குப் பயந்து ஓடியவருக்கு அது வேடிக்கைப் பொருளாக இருக்க முடியாது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படகு ஊழியரிடம், "தம்பி, நம்ம ஊருக்குத் தண்ணி எந்தப் பக்கமாப் போகுது?" என்று கேட்டார். அந்த இளைஞர் மலையாளி. "நம்ம ஊர்" எது என்று அவர் கேட்கவில்லை. சேலை கட்டிலேயே தெரிந்திருக்கும். மதகு இருக்கும் திசையைக் கைகாட்டினார். 2011 டிசம்பரில் அணைச் சிக்கலால் எல்லையில் கடைகள் அடைபட்டு, பேருந்துகள் நின்று, ஏலத்தோட்டத்துக்குப் போன பெண்கள் அஞ்சித் திரும்பிய நாட்களை அம்மா நேரில் கண்டவர். அந்தக் கேள்விக்கு அங்கே அவ்வளவு எளிதாகப் பதில் கிடைத்ததில் எங்களுக்கு ஏதோ பாரம் இறங்கியது போலிருந்தது. அம்மாவோ தலையசைத்துவிட்டு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றிரவு மெத்தை பிடிக்கவில்லை என்று போர்வையைத் தரையில் விரித்துப் படுத்தார். காலையில் ஒன்பது மணிவரை தூங்கினார். இத்தனை நேரம் அம்மா தூங்கித் தாம் பார்த்ததே இல்லை என்று நண்பர் எங்கள் அறைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். நாங்கள் காலை உணவுக்கு அவரை எழுப்பவில்லை. திட்டமிட்டிருந்த இரண்டு இடங்களை விட்டுவிட்டோம். சிக்கனப் பயணத்தில் கைவிடத்தக்கவை முதலில் பார்க்கவேண்டிய இடங்களே. தூக்கத்துக்குக் கட்டணம் இல்லை.

இரண்டு அறை, இரண்டு இரவு, மொத்தம் 4,400 ரூபாய். ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 880. மகன் தடுத்தும் கேளாமல், சுருக்குப்பையிலிருந்து எண்ணி 880 ரூபாயை எங்களில் கணக்கு வைப்பவரிடம் கொடுத்தார் அம்மா. வாங்க மறுத்தால் அவர் தங்கியதே பொய்யாகிவிடும் என்பதால் வாங்கிக்கொண்டோம்.

ஊர் திரும்பியபின் அவர் பேசியது யானையைப் பற்றியன்று, அறையைப் பற்றித்தான். கூடலூரில் அவரோடு ஜீப்பில் போன பழைய தோழியர் ஐவர் இப்போது தங்களையும் அழைத்துப் போகச் சொல்கிறார்கள். இரண்டு அறையில் ஆறு பேர் என்றால் அதே வாடகைக்கு ஆளுக்கு 734 ரூபாய் வரும் என்று கணக்கிட்டுக் கொடுத்தோம். மாசி பிறந்ததும் போவதாகப் பேச்சு. நாங்கள் உடன் வரவேண்டுமா என்று கேட்டதற்கு, வழிதான் தெரியுமே என்று சொல்லிவிட்டார்.