எல்.ஆர். ஈஸ்வரியின் மூச்சு

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி-பங்குனித் திருவிழா தொடங்கிவிட்டால், பால்குடம் வரும் தெருவெல்லாம் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டுதான். கல்யாணக் கச்சேரிக்குப் போனாலோ, ‘வாராயென் தோழி’ பாடாமல் பெண் வீட்டார் எங்களை விடமாட்டார்கள். பந்தி முடிகிற நேரத்தில் இளவட்டங்கள் கேட்பது ‘எலந்தப் பயம்’. மூன்றும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை. மெல்லிசை மேடையில் பாடிப் பிழைக்கிற எனக்கு அந்த அம்மாதான் குரு. நேரில் உட்கார்ந்து கற்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன்.

அவரைக் ‘கிளப் டான்ஸ் பாடகி’ என்று ஒதுக்கிப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது. அறுபதுகளில் நம் சினிமாவுக்குள் ஜாஸ் பெரும்பாலும் இரவு விடுதிக் காட்சி வழியாகத்தான் நுழைந்தது. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் பாங்கோவும் முழங்க, அவற்றுக்கு ஈடுகொடுத்துத் தமிழ் பாட ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்த வேலையை இவர் அளவுக்குத் துணிந்து செய்தவர் இல்லை என்பது என் கட்சி. எங்கள் ஊர்க்காரர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்திவிட்டுச் சென்னைக்குப் போனவர். அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ படத்தில், 1964இல், டி.எம்.எஸ்.ஸோடு ஈஸ்வரி பாடிய ‘அவளுக்கென்ன’ பாட்டைக் கேளுங்கள். அத்தனை வாத்தியங்களுக்கு நடுவிலும் குரல் எங்கேயும் அமுங்காது, கத்தவும் கத்தாது.

1939இல் சென்னையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் லூர்து மேரி. அம்மா நிர்மலா ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடினார். மகளும் கூடவே போய்க் கோரஸில் நின்றார். 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். 1961இல் ‘பாசமலர்’ வந்தது. கண்ணதாசன் எழுதிய ‘வாராயென் தோழி’ அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கோரஸ் வருடங்களை நான் பெரிதாக நினைக்கிறேன். கூட்டத்தோடு பாடுகிறவருக்குப் பக்கத்துக் குரலும் பின்னால் இருக்கும் வாத்தியமும் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் காது அவரை விட்டுப் போகவே இல்லை.

அவருடைய வித்தை மூச்சில் இருக்கிறது. மற்றவர்கள் மூச்சு வாங்குவது கேட்கக் கூடாது என்று பாடுவார்கள். இவர் அதையே பாட்டாக்கினார். ‘சிவந்த மண்’ (1969) படத்தின் ‘பட்டத்து ராணி’யில் சாட்டை விழுகிற ஓசைக்குப் பின் வருகிற திணறலைக் கவனியுங்கள். எம்.எஸ்.வி.யின் தாளத்துக்குள் அது அட்சரம் பிசகாமல் விழும்.

‘வெள்ளி விழா’ (1972) படத்தில் வி. குமார் இசையில் வந்த ‘காதோடுதான்’ இதைவிடக் கடினம். குரலைச் சின்னதாக்க வேண்டும். ஆனால் அடிவயிற்றின் பிடி தளரக் கூடாது. தளர்ந்தால் ஸ்ருதி இறங்கிவிடும். மேடையில் இதைப் பாடும்போது நான் மைக்கை உதட்டருகில் வைத்து, கன்னத்துப் பக்கமாகச் சற்றே சாய்த்துப் பிடிப்பேன். நேராகப் பிடித்தால் ‘ப’ வருகிற இடத்திலெல்லாம் காற்று மோதி ‘டப்’ என்று வெடிக்கும். மிக்சரில் இருக்கிற தம்பியிடம் எக்கோவை முழுசாக எடுத்துவிடச் சொல்வேன். எக்கோ இருந்தால் ஒரு மூச்சு அடுத்த சொல்லின் மேல் படிந்து இரண்டும் கெடும்.

அமெரிக்காவில் பில்லி ஹாலிடே (1915–1959) என்றொரு மகா ஜாஸ் பாடகி இருந்தார். மைக்கின் அருமை தெரிந்தவர். தாளத்துக்கு ஒரு இழை பின்தங்கிச் சொல்லை வைப்பார். கேட்கிறவர் மனசு அந்த இடைவெளியில் தவிக்கும். நம் சங்கீதத்தில், தாளம் தொடங்கிச் சற்றுப் பின் பாட்டை எடுக்கிற அனாகத எடுப்பு உண்டு. ஆனால் அது கணக்காக ஓர் இடத்தில் நிற்கும். பில்லி பின்தங்குவதற்கு அப்படிக் கணக்குக் கிடையாது, வரிக்கு வரி மாறும். ‘காதோடுதான்’ பாட்டில் ஈஸ்வரி சொற்களைத் தாமதிக்கிற அழகில் அந்தச் சுகத்தின் சாயலைக் காண்கிறேன்.

அம்மன் பாட்டுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். தொண்டை முழுசாகத் திறந்திருக்கும். பம்பை உடுக்கையைத் தாண்டி வெட்டவெளியில் ஒலிக்க வேண்டிய குரல். இரண்டையும் ஒரே இரவில் பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தத் தூரம் புரியும். ‘ஓஸ்தி’யில் (2011) ‘கலாசலா’ பாடியபோது அவருக்கு எழுபது கடந்துவிட்டது. ‘மூக்குத்தி அம்மன்’ (2020) படத்தின் ‘ஆடிக் குத்து’ பாடும்போது எண்பது. அந்த வயதிலும் எடுப்பில் தயக்கம் இல்லை.

மேடைக்கு வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரிதம் பேடில் வேகத்தைக் கூட்டி இவர் பாட்டைக் குத்துப்பாட்டாக்காதீர்கள். அவர் மூச்சு விட்ட இடத்தில் நீங்களும் விடுங்கள். பாடுவதற்கு முன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். திருவிழாக் கமிட்டி ஐயாமார்களே, சினிமாப் பாட்டும் அம்மன் பாட்டுமாக ஈஸ்வரி அம்மாவுக்கென்றே ஒரு முழுக் கச்சேரி வையுங்கள். பாட நாங்கள் தயார்.