இருபது மில்லி செகண்ட் பட்ஜெட்

பி.காம். படித்தவனுக்கு பட்ஜெட் என்றால் ரூபாய், பைசா. துண்டு விழுந்தால் கடன் வாங்கலாம். அடுத்த வருஷக் கணக்கில் தள்ளலாம். ஆடிட்டரைப் பார்த்து அசடு வழியலாம். இங்கிலாந்தில் இருக்கும் என் பள்ளித் தோழனுக்கு பட்ஜெட் வெறும் 20 மில்லி செகண்ட். கடன் கிடையாது!

அவன் சீனியர் கேம் இன்ஜின் புரோகிராமர். மைதானம், வெளிச்சம், நிழல், ஆட்டக்காரர் உருவம் எல்லாவற்றையும் அந்தந்தக் கணத்தில் வரைந்து தள்ளும் மென்பொருள்தான் கேம் இன்ஜின். வீடியோ கேமுக்காகப் பிறந்தது. இப்போது அதை விளையாட்டு ஒளிபரப்பிலும் பூட்டிவிட்டார்கள்.

நொடிக்கு 50 படம் என்றால் ஒரு படத்துக்கு 20 மில்லி செகண்ட். அதற்குள் கேமரா எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்து, புல்லின் மேல் ஒரு கோட்டை ஒட்டி, ஓடுகிறவர் கால் அதன் மேல் பட்டால் அந்த இடத்தில் மட்டும் கோட்டை மறைத்து அனுப்ப வேண்டும். 1998 செப்டம்பரில் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு மஞ்சள் கோடு இப்படித்தான் டி.வி.க்கு வந்தது. மைதானத்தில் அப்படி ஒரு கோடே கிடையாது.

"கேம்தானே, என்னடா கஷ்டம்?" என்றேன்.

"வீட்டுல கேம் தடுக்கினா பையன் திட்டிட்டு மறுபடி ஆடுவான். லைவ் மேட்சை யாருடா மறுபடி ஆடுவா?"

2022 கத்தார் உலகக் கோப்பை, முதல் ஆட்டம். மூன்றாவது நிமிஷமே ஈக்வடாரின் என்னர் வலென்சியா தலையால் முட்டி கோல் போட்டார். கொண்டாடி முடிப்பதற்குள் 'ஆஃப்சைடு' என்று ரத்து. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு திரையில் பொம்மை உருவங்கள் வந்து நின்றன. ஈக்வடார்க்காரர் ஒருவரின் கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கூரையடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 தடவை அளந்தன. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்பியது. அந்தப் புள்ளிகள்தான் பொம்மையாயின.

கண்ணால் பார்த்ததை நம்பாத நான், பொம்மையை உடனே நம்பினேன். யோசித்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

தோழனிடம் சொன்னேன். "அழகா வரையறது சுலபம்டா. எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு மட்டும் காட்டணும். அதான் வேலை" என்றான். கத்தாரிலும் இயந்திரம் சொன்னதை வீடியோ நடுவர்கள் சரிபார்த்த பிறகே மைதானத்து நடுவருக்குச் சொன்னார்கள்.

நம் கிரிக்கெட்டுக்கு வாருங்கள். எல்.பி.டபிள்யூ.வில் பந்து பேடில் பட்டதோடு கதை முடிந்தது. அதற்கப்புறம் ஸ்டம்ப்பை நோக்கிப் போகிறதே, அந்தப் பாதை நடக்கவே இல்லை. கணக்குப் போட்டு வரைந்தது. அதனால்தான் பந்தில் பாதிக்கும் குறைவாகவே ஸ்டம்ப்பில் படும் என்று கணக்கு சொன்னால், களத்து நடுவர் தீர்ப்பே நிற்கிறது. டீக்கடையில் நாம் வாய் கிழியத் திட்டுகிறோமே, அந்த 'அம்பயர்ஸ் கால்'!

பேலன்ஸ் ஷீட்டோடு பொடி எழுத்தில் குறிப்புகள் வரும்: இன்னின்ன தொகை மதிப்பீடு மட்டுமே என்று. அம்பயர்ஸ் காலும் அதே மாதிரிக் குறிப்புதான். 'இதற்கு மேல் எனக்கு நிச்சயமில்லை' என்று இயந்திரம் நாணயமாகக் கையெழுத்துப் போடுகிற இடம்.

அடுத்த தடவை அது நம்ம டீமுக்கு எதிராக வந்தால், முதலில் பொடி எழுத்தைப் படியுங்கள். திட்டுவதற்கு அப்புறமும் நேரம் இருக்கிறது. நமக்கென்ன, 20 மில்லி செகண்டா பட்ஜெட்?