பல்லிக்கு ஒரு பாய்

பல்லியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அது எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன், எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதுதான். அதற்குக் குளிருமே, பாவம், என்று யாராவது நினைத்ததுண்டா? டொராண்டோவில் பெண் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கிய பிறகு, எனக்கு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

பேத்தி ஒரு பல்லி வளர்க்கிறாள். சிறுத்தைப் பல்லி என்று பெயர். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள். ஆகவே நான் வைத்த பெயர் மிளகு. அதற்குச் சுவரேறத் தெரியாது. ஆனால் நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை உண்டு. கண்ணை மூடித் தூங்கும் அழகில் பச்சைக் குழந்தை தோற்றுவிடும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்கு மூலை, அந்தப் பக்கத்து வறண்ட பூமிதான் இதன் பூர்வீகம். வெயிலில் காய்ந்த கல், அந்தியில் விடும் சூட்டில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்தச் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. வாசலில் மைனஸ் 15 டிகிரி அடிக்கும் ஊரில் சுடு கல்லுக்கு எங்கே போவது?

அதற்குத்தான் மின்சாரப் பாய். மிளகின் மாளிகை, நாம் கம்பளித் துணிகளைப் போட்டு வைப்போமே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதன் அடியில், வெளிப்புறமாக, மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் மெல்லிய பாய் வைத்திருந்தாள்.

"பெட்டி முழுவதற்கும் போட்டால் என்னடி?"

"சூடு போதும்னு தோணினா அது எங்கே போகும், பாட்டி?"

நியாயமான கேள்விதான். அதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. இங்கும் அங்கும் நகர்ந்துதான் சரிசெய்துகொள்ள வேண்டும். சூட்டுப் பக்கத்துத் தரை 32 டிகிரி, மறு பக்கம் 25 டிகிரி என்பது பேத்தியின் கணக்கு.

"பிளாஸ்டிக் உருகாதா?" என்றேன். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் இருந்த 5 என்ற எண்ணைக் காட்டினாள். பாலிபுரொப்பிலீனாம், கொதிநீரைக்கூடத் தாங்குமாம். 6 என்று இருந்தால் பாலிஸ்டைரீன், அவ்வளவு தாங்காது. (ஊருக்கு வந்ததும் என் சமையலறை டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன்!)

ஆனால் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் சில பாய்கள் 50 டிகிரியைத் தாண்டும். பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, நிறம்கூட மாறாது. உள்ளே பல்லியின் வயிறு வெந்துபோகும். சூடு மேலேயிருந்து வந்தால் விலகிவிடும் இந்த ஜீவன்கள், அடியிலிருந்து சுடும்போது பல சமயம் அசையாமல் கிடந்து புண்பட்டுக்கொள்கின்றன. ஆகவே தெர்மோஸ்டாட் இல்லாமல் பாயே போடக் கூடாது. அதன் கம்பி நுனியில் ஒரு குமிழ். அது பாய்க்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்து சூட்டைப் பார்த்துச் சொல்லும். 32 வந்தால் மின்சாரம் நிற்கும்.

ஒரு நாள் பகல். வீட்டில் நானும் மிளகும்தான். எந்நேரமும் சூட்டுப் பக்கத்தில் கிடப்பது, மறு கோடியில் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் கையை விட்டேன்; தோசைக்கல் அளவு இல்லை, ஆனாலும் கை தானே பின்வாங்கியது. 2020-இல் கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரி ஒரு தர்மாமீட்டர் பக்கத்தில் இருந்தது. நீட்டினேன். 44!

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு பார்த்தால், குமிழ் மேஜைக்கு வெளியே தொங்குகிறது. காலையில் தூசி உறிஞ்சும் மெஷின் கம்பியை இழுத்திருக்கிறது. அறைக் குளிரைப் பார்த்த குமிழ், "20 டிகிரிதான், இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் என்ன செய்யும்? அது நம்பியது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேத்தி வாயே திறக்கவில்லை. மிளகைக் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு, கீழேயிருந்து வயிற்றைப் பார்த்தாள். சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை. அப்புறம்தான் அழுதாள்.

அன்றிரவே அவள் அப்பா குமிழைப் பட்டை ஒட்டி இறுக்கினார். கம்பியை மேஜைக் காலோடு கட்டினார். சூடு அடியில் அடைபடாமலிருக்கப் பெட்டிக்கு நான்கு ரப்பர் கால்கள் வைத்தார். தெர்மோஸ்டாட்டைச் சாராத தனித் தர்மாமீட்டர் ஒன்று உள்ளே வந்தது. "விளக்கே போட்டுவிடலாமே" என்றாள் என் பெண். பிளாஸ்டிக் மூடிக்கு மேல் சூட்டு விளக்கா? அது உண்மையிலேயே உருக்கிவிடும் என்று தந்தையும் மகளும் ஒரே குரலில் தடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை மிளகு இரண்டு சுவர்க்கோழிகளைப் பிடித்துத் தின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.