மௌனத்தின் காரணம்

ஒரு கருவி பழுதுற்றால் முதலில் பழியேற்பது பெரும்பாலும் வாய் திறவாத சிறு பொருளே. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் அப்பழி ஒரு மெமரி கார்டின்மேல் விழுந்தது.

32 ஜிகாபைட் கொள்ளளவுள்ள அந்தக் கார்டில், மறைந்த எங்கள் அன்னையின் கடைசி ஓராண்டுப் படங்கள் இருந்தன. கேமராவிலிருந்து எடுத்து, லினக்ஸ் இயங்கும் என் மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகினேன். திரையில் எவ்வித அசைவும் இல்லை. "அண்ணே, கார்டு செத்துப்போச்சு, ஃபார்மட் செய்து பாருங்க" என்றான் தம்பி. அன்பினால் எழுந்த யோசனைதான். ஆனால் ஃபார்மட் செய்தால் கார்டு பிழைக்கலாம். படங்கள் பிழைப்பது அரிது.

லினக்ஸில் ஒரு நற்பண்பு உண்டு. அதன் உள்மையமான கெர்னல், தான் கண்டதை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. 'டிமெசெஜ்' என்னும் கட்டளை அதைக் காட்டும். கெட்டுப்போன கார்டைச் செருகினால், பெரும்பாலும் ஒரு பிழைவரியாவது அதில் தோன்றும். எனக்கோ புதிதாக ஒரு வரியும் கிடைக்கவில்லை. கார்டு வந்ததையே கணினி அறியவில்லை! ஐயம் கார்டை விட்டு, அதைப் படிக்கும் ரீடரின்மேல் சென்றது.

அண்டை வீட்டு மாணவியிடம் யுஎஸ்பி கார்டு ரீடர் ஒன்றை இரவல் வாங்கி, அதில் செருகிப் பார்த்தேன். முற்றத்தில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார் அன்னை. எல்லாப் படங்களும் இருந்தன. பழுது பார்ப்பதை அங்கேயே நிறுத்தி, அவற்றை இரண்டு இடங்களில் படியெடுத்தேன். காப்பது முதல் வேலை, சரிசெய்வது இரண்டாவது.

பின்னர் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை இட்டேன். உள்ளே பொருத்தப்பட்ட ரீடர் பட்டியலில் இருந்தது. கணினியை உறக்கநிலையிலிருந்து எழுப்பிய பிறகே இக்குறை தோன்றுவதையும் கவனித்தேன். 'மோட்புரோப்' கட்டளையால் ரீடருக்குரிய டிரைவர் மென்பொருளை நீக்கி, மீண்டும் ஏற்றினேன். புதிய எஸ்டிஹெச்சி கார்டு வந்துள்ளதென்ற வரி பதிவேட்டில் தோன்றியது. உறங்கிக் கிடந்தது டிரைவரே.

இன்னொரு வகைக் குறையும் உண்டு. 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் அமைகின்றன. 2019-இல் வெளிவந்த 5.4ஆம் கெர்னலில்தான் அதற்கான டிரைவர் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய கெர்னலில், தனி மென்பொருள் நிறுவாவிடில், நல்ல கார்டும் நல்ல ரீடரும் இருந்தும் கோப்புகள் திறவா.

கார்டு, ரீடர், டிரைவர், கோப்புமுறை எனக் கண்ணிகள் நான்கு. அறுந்தது எதுவென்று காணுமுன் தீர்ப்புரைத்தால், ஈடுசெய்ய இயலாததை நம் கையாலேயே அழித்துவிடுவோம். வீட்டில் பேசாதிருப்பவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்குமுன், நம் சொல் அவரைச் சென்றடைந்ததா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.