மேசை செய்தவரின் பெயர்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தி எழுதிவருகிறேன். அவற்றுள் மீண்டும் வாசிக்க மனம் வராத செய்தி ஒன்று உண்டு. அதில் பொய் எதுவும் இல்லை. சுனாமிக்குப் பின்னர் எங்கள் கரையோரத்தில் மீளக் கட்டப்பட்ட பாடசாலை ஒன்றின் திறப்பு விழா பற்றியது அது. அதிதிகளின் பெயர்கள், கட்டடத்தின் நீள அகலம், தளபாடங்களை வழங்கிய ஒப்பந்தக்காரரின் பெயர் என எல்லாம் சரியாகவே இருந்தன. அந்த மேசைகளையும் கதிரைகளையும் செய்தவரின் பெயர் மட்டும் இல்லை. செய்தவர் யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு நான்கு வளவு தள்ளி, தகரக் கொட்டிலில், ஒற்றைக் காலில் நின்று சீவுளி பிடித்தவர் அவர்.

அவரை நான் ஓடாவிக் காக்கா என்றே அழைப்பேன். ஊரும் அப்படித்தான் அழைக்கிறது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பின்னர் கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் இளைஞர் பலர் ஊர்காவற் படையில் சேர்ந்தனர். நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் துப்பாக்கியோடு வயல் எல்லையில் இரவு காவல் இருந்தார். சில ஆண்டுகளில் மிதிவெடி அவரது இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது. ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு, வாப்பாவின் உளியையும் வாளையும் எடுத்தார். 2004 டிசம்பர் 26 அந்தப் பட்டறையையும் அள்ளிச் சென்றது. மணலுக்குள் இருந்து கிண்டியெடுத்த இரண்டு உளிகளோடு மறுபடியும் தொடங்கினார்.

திறப்பு விழாச் செய்தி வெளிவந்த மறுநாள் பத்திரிகையோடு வந்தார். கோபம் இல்லை.

“தம்பி, நல்லா எழுதியிரிக்கீங்க. அந்த ஒப்பந்தத்த நேர எடுக்கிறதுக்கு என்ன செய்யணும்? அதையும் ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்களன்.”

அன்று தொடங்கிய விசாரணை இன்னும் முடியவில்லை. அடுத்த முறை கேள்விப்பத்திரம் கோரப்பட்டபோது அவருக்காக நானே படிவம் வாங்கினேன். அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டாம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்புச் சொல்கிறது. படிவம் அதை வாசித்திருக்கவில்லை. இத்தகைய வழங்கலில் முன் அனுபவத்துக்குச் சான்று கேட்டார்கள். அவர் செய்த மேசைகள் மாவட்டமெங்கும் இருந்தன. பற்றுச்சீட்டுகள் எல்லாம் பிறர் பெயரில் இருந்தன. வங்கிப் பிணை கேட்டார்கள். பிணைக்கு ஈடாகக் காணி உறுதி கேட்டது வங்கி. கடலோரக் காணியின் உறுதி கடலோடு போயிருந்தது. கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகள் கேட்டார்கள். அவரது கணக்கு, கொட்டிலின் பலகைச் சுவரில் கரித்துண்டால் எழுதப்பட்டிருந்தது.

எப்படியோ ஆவணங்களைத் திரட்டிக் கொடுத்தோம். கேள்விகள் திறக்கப்படும்போது விண்ணப்பதாரர் சமுகமளிக்கலாம் என்பது விதி. திறந்த இடமோ மேல்மாடி. மின்தூக்கி கிடையாது. நான் மேலே போய் விலைகள் வாசிக்கப்படுவதைக் கேட்டேன். அவர் கீழே, துவிச்சக்கர வண்டிகள் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தார். அவரது விலையே குறைந்தது. ஆயினும் அனுபவச் சான்று போதாதென்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒப்பந்தம் பெற்றவர் ஒரு மாதத்துக்குள் அதே மேசைகளைச் செய்யும் வேலையை அவரிடமே கொண்டுவந்தார், ஏறத்தாழப் பாதி விலைக்கு. ஓடாவிக் காக்கா அதை ஏற்றுக்கொண்டார். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அரசு மாற்றுத்திறனாளிகளை முற்றாக மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அரச சேவை வெற்றிடங்களில் மூன்று வீதத்தை அவர்களுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இல் வந்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தொழில் நியமனம், கல்வி, பொது இடங்களுக்குள் நுழையும் உரிமை ஆகியவற்றில் பாரபட்சத்தைத் தடை செய்தது. அந்தப் படிக்கட்டின் அடியில் நின்றபோது நான் நினைத்துக்கொண்டது இச்சட்டத்தைத்தான். ஆனால் இவை சம்பளம் வாங்கப்போகிறவரை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை. சொந்தக் கையால் தொழில் நடத்தி, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்க நினைக்கும் மாற்றுத்திறனாளி எவருடைய கண்ணிலும் படவில்லை.

பிற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்கா, படைச் சேவையில் உடல் ஊனமுற்றவர்களின் சிறு நிறுவனங்களுக்கு அரச ஒப்பந்தங்களில் மூன்று வீதம் செல்ல வேண்டும் என்ற இலக்கை 1999 இல் சட்டமாக்கியது. 2023 இறுதியில் நிறைவேறிய சட்டம் அதை ஐந்து வீதமாக உயர்த்தியது. இந்தியா 2012 இல், மத்திய அரசு நிறுவனங்களின் கொள்வனவில் இருபது வீதத்தைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெற வேண்டும் என்றது. 2018 இல் அது இருபத்தைந்து வீதமானது. அத்தொழில்களுக்குக் கேள்விப்பத்திரம் இலவசம், வைப்புப் பணமும் இல்லை. கென்யா 2013 முதல் அரச கொள்வனவில் முப்பது வீதத்தை இளைஞர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு ஒதுக்குகிறது.

ஒதுக்கீடு வந்தால் திருட்டும் கூடவே வரும். 2009 இல் அமெரிக்க அரச கணக்காய்வு அலுவலகம் பத்து நிறுவனங்களை ஆராய்ந்தபோது, ஊனமுற்ற படைவீரர்களுக்குரிய சுமார் 100 மில்லியன் டொலர் ஒப்பந்தங்களைத் தகுதியற்றவர்கள் பெற்றிருந்தமை தெரியவந்தது. அன்று விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலமே பெரும்பாலும் போதுமாயிருந்தது. பின்னரே முறையான சான்றிதழைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே பெயர் மட்டும் ஊனமுற்றவருடையது, வேலை பிறருடையது. எங்கள் ஊரில் வேலை அவருடையது, பெயர் பிறருடையது. ஆகவே எந்த ஒதுக்கீட்டுக்கும் முதலில் வேண்டியது, வேலை உண்மையில் யார் பட்டறையில் நடக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கும் ஓர் அதிகாரி.

ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஐந்நூறு மேசைகளை ஒரே ஒப்பந்தமாகக் கொடுக்காமல் ஐம்பது ஐம்பதாகப் பிரிக்கலாம். சிறிய தொகைகளுக்கு வங்கிப் பிணைக்குப் பதிலாகக் கையொப்பமிட்ட உறுதிமொழியை ஏற்கலாம். துணை ஒப்பந்தக்காரராகச் செய்த வேலைக்கும் பாடசாலை அதிபரின் கடிதத்தை அனுபவச் சான்றாகக் கொள்ளலாம். படிவத்தைத் தமிழில் தரலாம். கேள்விப்பெட்டியைக் கீழ்த்தளத்தில் வைக்கலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. மிக முக்கியமானது காலத்தில் பணம் கொடுப்பது. பிற்காலத்தில் ஓடாவிக் காக்காவுக்கு ஒரு சிறு வழங்கல் நேரடியாகக் கிடைத்தது. காசோலை வர ஏழு மாதம் சென்றது. மரக்காலைக் கடனுக்கு மனைவியின் காப்பு அடகுக்குப் போயிற்று. பெரிய ஒப்பந்தக்காரர் அந்த ஏழு மாதத்தைத் தாங்குவார். அதனால்தான் அவர் பெரியவராகவே இருக்கிறார்.

எனக்கும் ஒரு கடமை இருந்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பின்னர், எந்த ஒப்பந்தம் எவருக்கு, என்ன விலைக்கு என்று கேட்கும் வழி திறந்தது. அதன் பிறகும் திறப்பு விழாக்களுக்குப் போனேன். பெயர்ப்பலகையில் உள்ளதையே எழுதிக்கொண்டு திரும்பினேன். ஒப்பந்தக்காரரின் பெயரை எழுதிய பேனாவுக்கு ஓடாவியின் பெயரை எழுத ஒரு வரி அதிகமாகியிருக்காது. அந்த ஒரு வரி பத்திரிகையில் இருந்திருந்தால், அடுத்த விண்ணப்பத்தோடு அவர் இணைக்கக்கூடிய ஒரேயோர் அனுபவச் சான்றாக அது இருந்திருக்கும். இதை நான் உணர்ந்தது மிகத் தாமதமாக.

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நின்றார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. இப்போது பட்டறையில் மகன்தான் நின்று வேலை பார்க்கிறான். சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார்.

“புதுசா ஒன்டு கூப்பிட்டிரிக்காங்க தம்பி. வியாழக்கிழமை கடைசி நாள். மகன்ட பேரிலதான் போடணும். ஒருக்கா வாசிச்சுப் பாருங்க.”

வாங்கிப் பார்த்தேன். எண்பது மேசைகள், எண்பது கதிரைகள். மூன்றாம் பக்கத்தில் அனுபவச் சான்று கேட்டிருந்தார்கள். இம்முறை அதற்கான கடிதங்களைத் தேடி, அவர் மேசை செய்துகொடுத்த பாடசாலைகளின் அதிபர்களிடம் நானே போகிறேன். முதலில் போவது அந்தத் திறப்பு விழாப் பாடசாலைக்கு.