இரண்டு வருஷம் என்று சொன்னது நான்

கலிஃபோர்னியாவில் ஒரு தனியார் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் நான் சேர்க்கை ஆலோசகராக இருந்தேன். பெயர்தான் ஆலோசகர். வேலை ஆள் சேர்ப்பது. அது தெரிந்தேதான் செய்தேன்.

2010-ல் ஒரு பெண் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பம். கைக்குழந்தைக்காரி. இரவில் ஓட்டல் துணி துவைக்கும் லாண்டரியில் வேலை. மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பில் சேர வேண்டும் என்றாள். விவரமானவள். “பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இதே படிப்பு மலிவு என்கிறார்களே?” என்று கேட்டாள்.

மலிவுதான். எனக்கு நன்றாகத் தெரியும்.

“அங்கே இடம் கிடைக்க இரண்டு வருஷம் ஆகும். உன் குழந்தை அதுவரை காத்திருக்குமா?” என்றேன்.

அந்தச் சமயம் மாநில அரசு நிதியை வெட்டியிருந்தது. கம்யூனிட்டி காலேஜ்களில் இடம் கிடைப்பது சிரமம் என்பது உண்மை. இரண்டு வருஷம் என்பது நானாகச் சொன்ன கணக்கு. ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். போடவில்லை. குழந்தையைப் பேச்சில் இழுத்ததும் தெரிந்துதான். வருகிறவருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே தொட்டுப் பேச எங்களைப் பழக்கியிருந்தார்கள். எனக்கு அது சுலபமாக வந்தது. அதில் பெருமைகூட இருந்தது. அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று புரிந்தது. சந்தோஷப்பட்டேன்.

நிறுவனத்தின் மேல் பழியைப் போட எனக்கு இடமுண்டு. அமெரிக்க செனட் குழு ஒன்று இத்தகைய 30 நிறுவனங்களை ஆராய்ந்து 2012-ல் அறிக்கை வெளியிட்டது. 2010-ல் அவற்றில் ஆள் சேர்க்க 35,202 பேர் இருந்தார்கள். படித்தவர்களுக்கு வேலை தேடித் தர 3,512 பேர். சான்றிதழ் படிப்புக்கு அரசுக் கல்லூரியைவிடச் சராசரியாக நாலரை மடங்கு கட்டணம். அதில் பெரும்பங்கு மத்திய அரசு மாணவருக்குத் தரும் கடனிலிருந்தும் உதவித்தொகையிலிருந்தும் வந்தது. அதனால் கையில் காசில்லாதவர்தான் எங்களுக்கு வேண்டியவர். எல்லாம் உண்மை. ஆனால் குழந்தையைப் பற்றிக் கேட்டது என் வாய்.

அவள் ஒழுங்காகப் படித்து முடித்தாள். எந்த கிளினிக்கிலும் வேலை கிடைக்கவில்லை. லாண்டரிக்கே திரும்பினாள். தவணை கட்ட முடியவில்லை. வருமான வரியில் திரும்பி வர வேண்டிய பணத்தை அரசு கடனுக்குப் பிடித்துக்கொண்டது. அவளைப் போன்ற வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கைக்கு வருவது அந்தப் பணம்தான்.

பிறகு எங்கள் கல்லூரியும் மூடப்பட்டது. கல்லூரி மூடினால் கடன் தள்ளுபடி உண்டு. மூடும்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும், கொஞ்சம் முன்னால் விலகியவர்களுக்கும்தான். படித்து முடித்தவளுக்கு இல்லை. அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. பொய் சொல்லிச் சேர்த்தார்கள் என்று கல்வித் துறைக்கு மனுப் போட வேண்டும். பொய்யோ வாய்ப்பேச்சு. சாட்சி நான் ஒருத்தி.

என்னைத் தேடிப் பிடித்து மின்னஞ்சல் அனுப்பினாள். கோபமே இல்லாத கடிதம். அன்று சொன்னதை இரண்டு வரி எழுதித் தந்தால் போதும் என்று கேட்டிருந்தாள்.

நான் பதில் போடவில்லை.

அப்போது என் குடியுரிமை மனு நிலுவையில் இருந்தது. வம்பில் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். கணவரிடமும் அதையே சொன்னேன். “ஒரு வக்கீலைக் கேட்டுப் பார்க்கலாமே” என்றார். கேட்கவில்லை. குடியுரிமை கிடைத்த பிறகும் எழுதவில்லை. ஆகவே பயத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. மதுரையில் அம்மா எல்லோரிடமும் “என் மகளுக்கு அமெரிக்காவில் காலேஜில் வேலை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மகள் ஏழைகளை ஏமாற்றினாள் என்று என் கையாலேயே எழுத மனம் வரவில்லை. அது கர்வம். வேறு பெயர் இல்லை.

2015 ஏப்ரலில் கொரிந்தியன் காலேஜஸ் என்ற பெரிய நிறுவனம் சுமார் 16,000 மாணவர்களை நடுவில் விட்டு மூடியது. அங்கே படித்த 5.6 லட்சம் பேரின் கடனை, 580 கோடி டாலரை, அரசு ரத்துசெய்வதாக அறிவித்தது 2022 ஜூனில். நான் வேலை பார்த்தது வேறு இடம். இழுத்தடிப்பு இரண்டிலும் ஒன்றுதான். அவள் கடனும் கடைசியில் தள்ளுபடி ஆனது. என் இரண்டு வரி இல்லாமலே. அவளே எழுதித் தெரிவித்தாள். இடைப்பட்ட காலத்தில் கடன் வரலாறு கெட்டு, வாடகைக்கு வீடுகூடக் கிடைக்கவில்லையாம். அவள் அம்மா வீட்டுக் கூடத்தில் படுத்துத்தான் மகன் வளர்ந்தான். காத்திருக்குமா என்று நான் கேட்ட குழந்தை அவன்தான்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் சட்ட உதவி வக்கீல் ஒருவரிடம் போனேன். நான் சேர்த்துவிட்ட மற்றவர்களின் மனுக்கள் இன்னும் நிலுவையில் இருந்தன. என்ன சொன்னேன், எப்படிச் சொல்லப் பழக்கினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் என்னை விசாரிக்க வரவில்லை. எதுவும் பறிபோகவில்லை. அதை எழுத ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது.